எடக்கல் குகைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

வயநாட்டின் எடக்கல்லுக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். மூச்சு வாங்க வைத்த ஏற்றத்தைச் சொல்வார்கள். குரங்குகளைச் சொல்வார்கள். மேலிருந்து தெரிந்த பச்சையைச் சொல்வார்கள். குகைச் சுவரைப் பற்றிக் கேட்டால், "ஏதோ கீறல்கள் இருந்தன" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முதல் முறை போனபோது நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன். உள்ளே பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டாம் முறை ஒரு மணி நேரம் நின்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குப் பிடிபட்டதை, முதல் முறையே போகிற உங்களுக்குக் கிடைக்கச் செய்யத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள், இடம் பாதி புரிந்துவிடும். இடையில் சிக்கிய கல், இடைக்கல். மலையாளத்தில் எடக்கல். அம்புகுத்தி மலையின் மேல் பெரும்பாறை ஒன்று பிளந்து இரண்டாக நிற்கிறது. அந்தப் பிளவின் மேல்வாயில் பல டன் எடையுள்ள இன்னொரு பாறை விழுந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. கூரை அதுதான். அதனால் இதைக் குகை என்பதைவிட, கூரை போட்ட பாறைப் பிளவு என்பதே சரி. அம்புகுத்தி என்ற பெயரையும் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. லவனும் குசனும் எய்த அம்பு குத்தித்தான் பாறை பிளந்தது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. மலை உச்சிக்கு அருகே ஒரு பகவதிக்கு இடம் இருந்ததும், சுற்றுவட்டார மக்கள் அவளைக் கும்பிட ஏறிப் போனதும் பதிவாகியிருக்கின்றன. சுவரில் கோடு செதுக்கியவர்கள் யாரைக் கும்பிட்டார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தலையில் பெரிய அணிகளோடு, முகமூடி போட்டதுபோல நிற்கும் உருவங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் பலர், இது சடங்குகள் நடந்த இடமாக இருந்திருக்க வேண்டும் என்றே கருதுகிறார்கள். கோயிலுக்குப் போகும் மனத்தோடு போங்கள். அது தவறாகாது.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

திங்கட்கிழமை விடுமுறை. இதை மறந்து கோவையிலிருந்து கிளம்பிப் போய், பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். சில அரசு விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும் என்பதால், கிளம்பும் முன் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். காலை ஒன்பது மணி வாக்கில் திறப்பார்கள். மாலை நான்கு மணி வாக்கில் டிக்கெட் தருவதை நிறுத்திவிடுவார்கள். இதை வைத்துக்கொண்டு, மதியம் மற்ற இடங்களைப் பார்த்துவிட்டு மூன்றரைக்கு வந்து சேரலாம் என்று திட்டம் போடாதீர்கள். மேலே ஏறவே முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு சுவரைப் பார்க்க நேரம் இருக்காது.

சனி, ஞாயிறுகளில் கூட்டம் வரிசையாக நகரும். பின்னால் வருகிறவர் தள்ளிக்கொண்டே இருப்பார். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள், திறக்கும் நேரத்திலேயே வாசலில் இருப்பதுபோலப் போனால் சுவர் உங்களுடையது.

மாதம் என்று கேட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வயநாட்டின் மழையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 ஜூலை 30 அன்று மேப்பாடிக்கு அருகே முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டால் மாவட்ட நிர்வாகம் சுற்றுலா இடங்களை மூடிவிடும். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். சுவர் காத்திருக்கும்.

போகும் வழி

நீங்கள் சேர வேண்டிய ஊர் அம்பலவயல். சுல்தான் பத்தேரியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், கல்பற்றாவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குக் கூடலூர்தான் வாசல். அங்கிருந்து இரண்டு சாலைகள். ஒன்று தேவர்சோலை, பாட்டவயல் வழியாகச் சுல்தான் பத்தேரி. மற்றொன்று நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, சோலாடி கடந்து வடுவஞ்சால் வழியாக அம்பலவயல். பஸ்ஸில் போகிறவர்களுக்கு முதல் வழி எளிது. பத்தேரியில் இறங்கி அம்பலவயலுக்கு வேறு பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் மலையடிவாரம் போகலாம். சொந்த வண்டி இருந்தால் எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. தேயிலைக்கு நடுவே போகும் சாலையில் எல்லைச் சாவடி வரும்வரை கடைப் பலகைகளில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. குகைச் சுவரைப் பார்த்த பிறகு இந்தச் சாலைக்கு வேறு பொருள் கிடைக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சொந்த வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள். மைசூர் பக்கமிருந்து குண்டல்பேட்டை வழியாக வருகிறவர்களுக்கு இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை பந்திப்பூர் காட்டுச் சாலை மூடியிருக்கும். ரயிலில் வர நினைப்பவர்கள் கோழிக்கோட்டில் இறங்கி, தாமரச்சேரி மலைப்பாதை ஏறும் பஸ்ஸில் கல்பற்றா வர வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

பிடிமானமுள்ள காலணி, ஒரு பாட்டில் தண்ணீர், முதுகில் மாட்டும் சிறிய பை. இவ்வளவு போதும். கைகள் இரண்டும் காலியாக இருப்பது முக்கியம், கைப்பிடியைப் பற்றியே பல இடங்களில் ஏற வேண்டும். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும், பைக்குள் வையுங்கள். நான் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போவேன். ஏன் என்று மேலே போனதும் தெரியும்.

ஏற்றம்

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து டிக்கெட் கவுண்டர் வரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நல்ல சாலைதான், ஆனால் செங்குத்து. இரண்டு பக்கமும் கடைகள். உப்பிலிட்ட நெல்லிக்காய், மாங்காய்த் துண்டு, மூங்கில் அரிசி, மிளகு, ஏலம். போகும்போது நிற்காதீர்கள். இறங்கும்போது நெல்லிக்காய் இன்னும் ருசிக்கும்.

கவுண்டரைத் தாண்டினால் படிகள். கற்படிகள், பிறகு பாறையிடுக்குகள், பிறகு செங்குத்தான இரும்புப் படிகள். மலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் உறைக்காது, மூச்சுதான் வாங்கும். ஏழு வயதுக் குழந்தைகள் ஓடியே ஏறிவிடுகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத்தான் பாடு. என் அம்மாவை அழைத்துப் போனபோது இரும்புப் படிகளின் அடியில் நின்று என்னைப் பார்த்தார். அங்கே பணியில் இருந்த பெண், "அம்மே, அவசரம் வேண்டாம். பத்துப் படி, ஒரு மூச்சு" என்றார். பத்துப் படி ஏறி நிற்பதும், மறுபடி பத்து ஏறி நிற்பதுமாக அம்மா மேலே வந்துவிட்டார். இதய நோய், தலைச்சுற்றல் இருப்பவர்கள் மட்டும் இந்த ஏற்றத்தை முயல வேண்டாம். அவர்களை அம்பலவயல் அருங்காட்சியகத்தில் விட்டுவிட்டு வருவது நல்லது.

கீழ்க் குகை

முதலில் வருவது சிறிய அறை. சுமார் 18 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். இங்கே சித்திரம் ஏதும் தேட வேண்டாம். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகட்டும். இதன் எதிர்ப்புறமாக மேலே ஏறும் இடுக்கு வழியாகத்தான் பழங்காலத்தில் மேல் குகைக்குள் புகுந்திருக்கிறார்கள். இப்போது சுற்றுப்பாதை அமைத்திருப்பதால், எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியில் ஊழியர்கள் அனுப்புவார்கள்.

மேல் குகை

இங்கேதான் நிற்க வேண்டும். 96 அடி நீளம், 22 அடி அகலம். இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள் நெடுக எழுந்து நிற்கின்றன. தலைக்கு மேலே மாட்டிக்கொண்ட அந்தப் பெருங்கல். அது எதிர்ச் சுவரைத் தொடாமல் விட்ட ஒரு மூலை வழியாகத்தான் ஒளி உள்ளே இறங்குகிறது.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் செய்கிற தவறு, உருவத்தைத் தேடுவது. யானை எங்கே, மனிதன் எங்கே என்று கண் அலையும். ஒன்றும் கிடைக்காது. சுவர் முழுக்கக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடப்பதால், வைக்கோல் போரைப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும். நான் கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

தடுப்பு அனுமதிக்கும் அளவுக்குப் பின்னால் தள்ளி நில்லுங்கள். ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுங்கள். அது எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போங்கள். கண் களைத்தால் நேராகப் பார்ப்பதை விட்டு, சுவரின் ஓரத்துக்கு நகர்ந்து சாய்வாகப் பாருங்கள். கோடுகள் பள்ளமாக இருப்பதால், ஒளி பக்கவாட்டில் விழும்போதுதான் நிழல் கட்டும். நேராக அடிக்கிற செல்போன் ஃபிளாஷ் அந்த நிழலைத் தின்றுவிடும். படத்தில் வெறும் பாறைதான் விழும். வழிகாட்டியின் கையில் டார்ச் இருந்தால் பக்கத்திலிருந்து பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆர்வமாகக் கேட்பவருக்கு அவர்கள் மறுப்பதில்லை.

எனக்கு முதலில் கிடைத்தது ஒரு தலை. கதிர்போல விரிந்த கோடுகளைத் தனியாகத் தொடர்ந்துகொண்டிருந்தேன். அவை ஒரு வளைவில் போய்ச் சேர்ந்தன. வளைவு ஒரு முகத்தின் மேல்விளிம்பு. அதன் கீழே கழுத்து, பிறகு இரண்டு பக்கமும் நீட்டிய கைகள். திடீரென்று ஓர் ஆள் எதிரே நின்றார். சற்று முன் வெறும் கீறலாக இருந்த இடம் அது. அதன் பிறகு அவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு விரல் உள்ளே படியும் அளவுக்கு அகலமான பள்ளம் சில இடங்களில் இருக்கிறது. அவ்வளவு கெட்டியான பாறையில் அதைக் கொத்தித் தேய்த்து உருவாக்க எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

நோட்டு இதற்குத்தான். கண்டுபிடித்த உருவத்தை நான்கு கோட்டில் வரைந்துகொள்ளுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. கை வரையும்போதுதான் கண் சரியாகப் பார்க்கிறது. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வேலை அங்கே கிடையாது. தலையணியோடு மனிதர்கள், விலங்குகள், சக்கரம் போன்ற வட்டங்கள், கட்டங்கள், குறுக்குக் கோடுகள் என்று ஆய்வாளர்கள் பலவற்றை அடையாளம் கண்டிருக்கிறார்கள். குடுவையோடு நிற்கும் மனித உருவம் ஒன்றைச் சிந்துவெளி முத்திரை உருவத்தோடு ஒப்பிட்டவர்களும் உண்டு. அதை எல்லோரும் ஏற்கவில்லை. வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். ஆனால் முதல் கால் மணி நேரம் நீங்களே தேடுங்கள். அவர் காட்டிய பிறகு உங்கள் கண் அவர் கண்ணாகிவிடும்.

வயது என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். கி.மு. 6000 என்று பலகைகளிலும் கட்டுரைகளிலும் படிப்பீர்கள். பழைய இடங்களின் வயதைக் கரித்துண்டுகளை வைத்துக் கணக்கிடுவார்கள், ஆனால் கல்லில் வெட்டிய பள்ளத்தில் கரி கிடைப்பதில்லை. அதனால் செதுக்கிய முறையையும், அந்த வட்டாரத்தில் கிடைத்த கற்கோடரிகளையும் வைத்துப் புதிய கற்காலம் என்கிறார்கள். எல்லாம் ஒரே காலத்தில் செதுக்கியவையும் அல்ல. ஒரு கோடு இன்னொன்றை வெட்டிக்கொண்டு போவதை நீங்களே பார்க்கலாம்.

இந்த இடம் வெளியுலகுக்குத் தெரியவந்த கதையிலும் ஒரு கற்கோடரி வருகிறது. 1890-களில் மலபாரின் போலீஸ் சூப்பரிண்டெண்டாக இருந்த ஃபிரெட் ஃபாசெட், தோட்ட முதலாளி ஒருவரின் காப்பித் தோட்டத்தில் கிடைத்த கற்கோடரியைப் பற்றித் தெரிந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தார். உள்ளூர் மக்களுக்கு நன்றாகத் தெரிந்த பிளவுக்குள் நுழைந்து, சுவரைப் படம் எடுத்து, 1901-இல் இந்தியன் ஆன்டிக்வரி இதழில் கட்டுரை எழுதினார். கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரைப் போடுகிறார்கள். வழி காட்டிய மலைவாசிகளின் பெயர்களையும் யாராவது எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

தமிழ் எழுத்து

உருவங்களைப் பார்த்து முடித்த பிறகு வழிகாட்டியிடம், "எழுத்துகள் எங்கே?" என்று கேளுங்கள். பெரும்பாலான பயணிகள் இதைக் கேட்பதே இல்லை. பழைய செதுக்கல்களுக்கு மிகப் பல நூற்றாண்டுகள் பின்னால், யாரோ அதே சுவரில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் சில தமிழ் பிராமி, அதாவது தமிழை எழுதிய மிகப் பழைய எழுத்து. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்ன ஒரு வரி, "கடும்மிபுத சேர". கடைசிச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர்களின் பெயர்களைப் பொறித்த அதே எழுத்து மரபு, இந்த மலைப் பிளவுக்குள்ளும் வந்திருக்கிறது. இன்னொரு வரியை ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் நூறாண்டுகளுக்கு முன்பே படித்தார். அது "பல்புலி" என்று தொடங்குகிறது. பல புலிகளை மாய்த்தவன் என்று பொருள் சொன்னார்கள். வயநாட்டில் இன்றும் புலிகள் இருக்கின்றன.

என் அம்மா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பிராமி எழுத்தை அவரால் படிக்க முடியாது, என்னாலும் தடுமாறித்தான் முடியும். வழிகாட்டி எழுத்தெழுத்தாகச் சுட்டிக் காட்டி, "சே... ர..." என்றபோது அம்மா அதை உதட்டால் திரும்பச் சொன்னார். வரும் வழியில் பார்த்த கடைப் பலகைகள் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. இன்று எல்லைச் சாவடி நிற்கும் இந்த வழியில், எல்லைக்கோடு போடாத காலத்தில் நடந்து வந்தவர்களின் கையெழுத்து அது.

செய்யக் கூடாதவை

சுவரைத் தொடாதீர்கள். தடுப்புக்கு மேல் கை நீட்டினால் எட்டுகிற இடங்கள் உண்டு, அங்கேயும் வேண்டாம். கையின் எண்ணெயும் வியர்வையும் பாறைக்குக் கேடு. சாக்பீஸால் கோட்டை எடுத்துக்காட்டுவது, நீர் தெளித்துப் பார்ப்பது எல்லாம் அழிவுக்கு உதவுகிற வேலைகள். குகைக்குப் போகும் வழியெங்கும் பாறைகளில் பெயர்களும் இதயக் குறிகளும் கிறுக்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். உங்களோடு வருகிற பிள்ளைகளிடம் மலை ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சத்தம் இன்னொன்று. பிளவுக்குள் குரல் சுழன்று நிற்கும். எதிரொலிக்காகக் கூவிப் பார்க்கிற கூட்டம் உள்ளே இருந்தால், அவர்கள் போகும்வரை ஓரமாகக் காத்திருங்கள். கூட்டம் அலையலையாகத்தான் வரும். நடுவே நான்கைந்து நிமிடம் அமைதி கிடைக்கும், அது போதும்.

இறங்கிய பிறகு

நெல்லிக்காயும் சுக்குக் காப்பியும் முடிந்ததும் நேரே அம்பலவயல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சிறிய இடம்தான், அவசரமில்லாமல் பார்த்தாலும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். வயநாட்டில் கிடைத்த வீரக்கற்கள், சுடுமண் பொருட்கள், கற்கருவிகள் இருக்கின்றன. நேரமும் வண்டியும் இருந்தால் அருகிலுள்ள தொவரி மலையிலும் இதே வகைச் செதுக்கல்கள் உண்டு. ஆனால் அங்கே உள்ளூர் ஆள் ஒருவர் துணை இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

அருங்காட்சியகத்தில் கற்கருவிகள் வைத்திருக்கும் இடத்தில் கொஞ்சம் குனிந்து நில்லுங்கள். அவற்றின் தேய்ந்த முனையைப் பாருங்கள். காலையில் நோட்டில் வரைந்த கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சுவரில் பார்த்த அந்த விரல் அகலப் பள்ளம் என் கண்முன் மறுபடி வந்தது.